கன்ட்ரோல் பீக்கரிலேயே டாஃப்னியா சாகிறதே, என்ன செய்ய?

கேள்வி: டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளை வைத்து ஒரு பூச்சிக்கொல்லியின் நச்சுத்தன்மையைச் சோதிக்கிறேன். மருந்தே கலக்காத கன்ட்ரோல் பீக்கர்களில் 48 மணி நேரத்தில் 20 குஞ்சுகளில் 6 செத்துவிட்டன. அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடலாமா?

பதில்: கூடாது. டாஃப்னியா சோதனைக்கான சர்வதேச வழிமுறையான ஓஇசிடி 202-இன்படி கன்ட்ரோலில் 10 சதவீதத்துக்கு மேல் அசைவற்றுப் போனால் அந்தச் சோதனை செல்லாது. உங்களுடையது 30 சதவீதம். மருந்தை மறந்துவிட்டு, முதலில் தண்ணீரைப் பாருங்கள்.

குழாய்த் தண்ணீரில் துளி குளோரின் மிஞ்சியிருந்தாலும் டாஃப்னியா தாங்காது. இரவு முழுக்கக் காற்று விட்டால் குளோரின் போகும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் அவ்வளவு லேசில் போகாது. செம்பும் அப்படித்தான், லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராமே ஆபத்து. அதற்காக வெறும் காய்ச்சி வடித்த நீரில் விடாதீர்கள், ஓட்டுக்குக் கால்சியம் வேண்டும். உப்புகள் சேர்த்துத் தயாரித்த நீர்தான் சரி. டாஃப்னியா மேக்னா இனத்துக்குக் கடினத்தன்மை லிட்டருக்கு 140 முதல் 250 மில்லிகிராம் இருக்கட்டும். பீக்கரில் சோப்பு ஒட்டியிருந்ததா என்றும் பாருங்கள்.

அடுத்தது கை. குஞ்சுகளை அகலவாய்ப் பிப்பெட்டில் எடுத்து, நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தித்தான் விட வேண்டும். மேலிருந்து சொட்டினால் ஓட்டுக்குள் காற்று புகுந்து, பரப்பிலேயே மிதந்து தவிக்கும். முதல் நாள் மாலை தாய்களைத் தனியே பிரித்து வைத்தால், காலையில் கிடைப்பவை எல்லாம் 24 மணி நேரத்துக்கு உட்பட்ட குஞ்சுகள். முதல் ஈற்றுக் குஞ்சுகள் வேண்டாம். சில தாய்களின் முதுகில் கறுப்பாகச் சேணம் போல ஏதாவது தெரிகிறதா? அது உறங்குமுட்டைப் பை. வளர்ப்புத் தொட்டியில் நெருக்கடி என்று அர்த்தம். அந்தத் தொட்டியைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, 'செத்துவிட்டன' என்கிறீர்கள். இந்தச் சோதனையில் சாவை எண்ணுவதில்லை. பீக்கரை மெல்ல அசைத்துவிட்டு 15 விநாடி பாருங்கள். நீந்தாவிட்டால், உணர்கொம்பு துடித்தாலும் அது அசைவற்றதே. அப்படி எண்ணினால் உங்கள் 6 இன்னும் கூடலாம்! பட்டினியால் செத்திருக்குமோ என்ற யோசனை வேண்டாம். 48 மணி நேரமும் தீனி போடாமல் நடத்துவதுதான் முறை.

இனி 20 குஞ்சுகளை, பீக்கருக்கு 5 வீதம், கன்ட்ரோலாக மட்டும் 48 மணி நேரம் ஓட்டுங்கள். தேறினால், அப்புறம் குஞ்சுகளின் உணர்திறன் சரிதானா என்று பார்க்கப் பொட்டாசியம் டைக்குரோமேட்டை வைத்து ஒரு சோதனை. கையுறை கட்டாயம், மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றக் கூடாது. 24 மணி நேர ஈசி50, அதாவது பாதிக் குஞ்சுகளை அசைவற்றதாக்கும் அளவு, லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராமுக்குள் விழுந்தால், பூச்சிக்கொல்லி பாட்டிலைத் திறக்கலாம்.