ஓவர்கிளாக்குக்கு மலிவான மதர்போர்டு: கேள்வி பதில்

திருச்சியிலிருந்து: அண்ணா, ரைசன் 5 5600 வாங்கிட்டேன். கடையில ஏ520 போர்டு காட்டி, இதுலயே ஓவர்கிளாக் ஆகும்னு சொல்றாங்க. பி550 விலை கூட. எதை எடுக்க?

தம்பி, ஏ520 சிப்செட்டில் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) ப்ராசஸர் ஓவர்கிளாக், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, கிடையாது. கடைக்காரர் சொன்னது தவறு. ஏ520-ல் ரேம் வேகத்தைக் கூட்டலாம், அவர் அதைத்தான் குழப்பிக்கொண்டிருப்பார். உன் ப்ராசஸர் பொருந்தும் ஏஎம்4 சாக்கெட்டில் மல்டிப்ளையரை (வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கு எண்) தொட வேண்டுமானால் பி350, பி450, பி550, அல்லது எக்ஸ் வரிசை வேண்டும்.

உனக்கு பி550 போதும். 2020-இல் வந்த சிப்செட்தான், ஆனால் கிராபிக்ஸ் கார்டுக்கு பிசிஐஇ 4.0 (கார்டு இணைப்பின் வேகமான தலைமுறை) தருகிறது. பி450-இல் 3.0 மட்டுமே. பெரும்பாலான கார்டுகளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல நான்கே லேன் (தரவுப் பாதை) உள்ள கார்டு போட்டால் நன்றாகவே தெரியும். பழைய பி450 கையில் இருந்தால் தூக்கி எறியாதே. பயாஸை (போர்டின் உள்ளமை மென்பொருள்) அப்டேட் செய்தால் 5600 ஓடும். ஆனால் பழைய ப்ராசஸரைக் கழற்றும் முன்பே அப்டேட்டை முடித்துவிடு.

ரேமை இரண்டு குச்சியாக, டிடிஆர்4 3600-இல் வாங்கி, பயாஸில் எக்ஸ்எம்பி-ஐ (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய். இதைச் செய்யாமல் 2133-இல் ஓட்டிக்கொண்டே ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

வேலூரிலிருந்து: ஐ5 12400எஃப், இசட்690 போர்டு. எவ்வளவு வரை ஏத்தலாம் சார்?

ஏற்ற முடியாது. பெயரில் 'கே' இல்லாத இன்டெல் ப்ராசஸரில் மல்டிப்ளையர் பூட்டியிருக்கும். பி660 வாங்கி, மிச்சப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள்.

மதுரையிலிருந்து: பெட்டியில் 12+2 ஃபேஸ்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 8+2. பன்னிரண்டுதானே நல்லது?

இதைத்தான் யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போர்டுக்குத் தருவது 12 வோல்ட். ப்ராசஸர் கேட்பது சுமார் 1.3 வோல்ட். நடுவில் இறக்கிக் கொடுப்பதுதான் விஆர்எம். அதன் ஒவ்வொரு கிளையும் ஒரு ஃபேஸ். 105 வாட் என்று அச்சடித்த ஏஎம்4 ப்ராசஸர் உண்மையில் 142 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. அதை 1.3 வோல்ட்டில் கணக்கிட்டால் நூறு ஆம்பியருக்கு மேல். உள்ளங்கை அகல இடத்தில் அவ்வளவு மின்னோட்டம் போகிறது. அதிலுள்ள மின் சுவிட்சுகளான மாஸ்ஃபெட்டுகள் நொடிக்குப் பல லட்சம் முறை ஆன், ஆஃப் ஆகின்றன, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சூடு மிஞ்சுகிறது. சூடு ஏறினால் அவற்றின் மின்தடையும் ஏறும், அதனால் இன்னும் சூடு. எல்லையைத் தொட்டதும் போர்டு ப்ராசஸரின் வேகத்தை இறக்கிவிடும். ஆட்டம் நடுவில் எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் படங்கள்) திடீரென்று சரிவதற்கு இது ஒரு காரணம்.

ஃபேஸ் எண்ணிக்கையால் இந்தச் சுமை பங்கிடப்படுகிறது என்பது சரி. ஆனால் '12' என்று எழுதிய பல போர்டுகளில் கன்ட்ரோலர் ஆறு ஃபேஸ்தான், ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு பாகம் இணையாக வைத்திருப்பார்கள். அதில் தவறில்லை, எண்ணை மட்டும் நம்பி வாங்குவதுதான் தவறு. ஒவ்வொரு பாகமும் எத்தனை ஆம்பியர் தாங்கும், மேலே கனமான ஹீட்சிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல எட்டு, மட்டமான பன்னிரண்டை வெல்லும்.

ஹீட்சிங்க் இல்லாத விஆர்எம்-இல் ஓவர்கிளாக் செய்யாதீர்கள். மே மாதத்தில் ஏசி இல்லாத அறை என்றால் 35 டிகிரியிலிருந்துதான் கணக்கே தொடங்குகிறது. வாட்டர் கூலர் போடுபவர்கள் கூடுதலாகக் கவனிக்கவும்: ப்ராசஸருடன் வரும் ஃபேன் சுற்றியுள்ள விஆர்எம் மீதும் காற்றை அடித்துக்கொண்டிருந்தது, அது இப்போது இருக்காது. எனக்கு ஒரு போர்டு இப்படித்தான் போனது. ப்ராசஸர் 60 டிகிரி காட்டியது, பக்கத்தில் விஆர்எம் வெந்துகொண்டிருந்தது.

நெல்லையிலிருந்து: ஏ520-ல ஓவர்கிளாக் பண்ணலாமா?

முதல் பதிலில் இருக்கிறது.

ஈரோட்டிலிருந்து: 14600கே-வை பி760-ல போடலாமா?

ஓடும். ரேமைத்தான் ஏற்றலாம், ப்ராசஸரை ஏற்ற இசட்690 அல்லது இசட்790 வேண்டும். எந்தப் போர்டானாலும் முதல் வேலை பயாஸ் அப்டேட். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறையில் வோல்டேஜ் மிகுந்து ப்ராசஸர்கள் கெட்டதால் 2024 ஆகஸ்டில் 0x129 மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் நிரல்) வந்தது. அதுகூட இல்லாத பயாஸில் ஓட்டவே வேண்டாம்.

சென்னையிலிருந்து: 7800எக்ஸ்3டி-க்கு எந்தப் போர்டு ப்ரோ?

இதிலும் மல்டிப்ளையர் பூட்டுதான், அதனால் விலை உயர்ந்த போர்டு வீண். ஹீட்சிங்க் உள்ள சாதாரண பி650 போதும், கர்வ் ஆப்டிமைசர் (வோல்டேஜைக் குறைக்கும் அமைப்பு) மட்டும் பயன்படுத்துங்கள். எஸ்ஓசி வோல்டேஜ் (ப்ராசஸருக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்கானது) 1.3-ஐத் தாண்டக் கூடாது. 2023-இல் இந்தச் சிப்கள் கருகிய பிறகுதான் ஏஎம்டி அந்த வரம்பை வைத்தது. பழைய பயாஸோடு வரும் போர்டை அப்டேட் செய்யாமல் எக்ஸ்போ (எக்ஸ்எம்பி போன்ற ஏஎம்டி-யின் ரேம் அமைப்பு) ஆன் செய்யாதீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து: லேப்டாப்ல ஓவர்கிளாக்?

லேப்டாப் எனக்குத் தெரிந்த துறை இல்லை. சர்வீஸ் செய்பவரைக் கேளுங்கள்.

கோவையிலிருந்து: சார், எல்லாம் பழைய கதை. இப்ப ஓவர்கிளாக்கே தேவையில்லை, அண்டர்வோல்ட் போதும். எதுக்கு மக்களை விஆர்எம் பார்க்கச் சொல்றீங்க?

பாதி ஒப்புக்கொள்கிறேன். 4.4-இலிருந்து 4.7 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்ற வோல்டேஜை 1.2-இலிருந்து 1.35 ஆக்கினால் வேகம் 7 சதவீதம் கூடும், மின்சாரம் சுமார் 35 சதவீதம் கூடும். வோல்டேஜின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறுவதால் இப்படி. ஆனால் அதனாலேயே விஆர்எம் முக்கியம் என்கிறேன். அண்டர்வோல்ட் செய்தாலும், அதாவது வோல்டேஜைக் குறைத்தாலும், ப்ராசஸர் மிச்சமான இடத்தில் வேகத்தைக் கூட்டிக்கொண்டு அதே வாட் எல்லைக்கு வரும்.

சேலத்திலிருந்து: கோவைக்காரர் சொல்றது தப்பு. ஆல்-கோர் 4.7 போட்டதும் என் பழைய ஸ்ட்ராடஜி கேம்ல வித்தியாசம் தெரிஞ்சது.

கோவையிலிருந்து: 1440பி ரெசல்யூஷன்ல கேம் ஆடிப் பாருங்க, ஒண்ணும் தெரியாது.

இருவரும் வேறு வேறு ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். ப்ராசஸரை நம்பும் ஆட்டத்தில் சேலத்துக்காரர் சரி, கிராபிக்ஸ் கார்டு திணறும் இடத்தில் கோவைக்காரர் சரி. ஆனால் சேலம், எல்லாக் கோரையும் ஒரே வேகத்தில் நிறுத்தினால் ஒற்றைக் கோர் தானாக எகிறும் வாய்ப்பு போய்விடும். அந்த ஆட்டத்தையே பிபிஓ-வில் (ஏஎம்டி-யின் தானியங்கி வேகக்கூட்டல்) ஒருமுறை அளந்து பாருங்கள்.

கோவையிலிருந்து: நான் கர்வ் ஆப்டிமைசர்ல எல்லா கோரும் -30. சினிபெஞ்ச் டெஸ்ட் மூணு மணி நேரம் தாங்குச்சு. ஆனா சும்மா பிரவுசர் திறந்து வச்சிருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகுது, போர்டு சரியில்லையா?

போர்டைக் குறை சொல்லாதீர்கள். முழுச் சுமையில் தாங்கும் குறைந்த வோல்டேஜ், சும்மா இருக்கும்போது ஒரு கோர் திடீரென்று உச்ச வேகத்துக்குத் தாவும் நொடியில் பத்தாமல் போகும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் எந்தக் கோரில் பிழை பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கோரை மட்டும் -10-க்குக் கொண்டுவந்து, ஒரு இரவு கணினியைச் சும்மா ஓட விட்டுவிட்டு, காலையில் எழுதுங்கள்.