லேப்டாப்பிலேயே எல்லாம் இருக்கும்போது சாம்ப்ளர் பெட்டி எதற்கு?

கேள்வி இது: இசை மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, அதில் இல்லாத வசதி இல்லை, அப்படியிருக்க எலக்ட்ரானிக் இசை செய்கிறவர்கள் ஏன் இன்னும் காசு கொடுத்து சாம்ப்ளர் பெட்டி (சத்தங்களைப் பதிவு செய்து, பேடு என்ற ரப்பர் பட்டன்களைத் தட்டி வாசிக்கும் கருவி) வாங்குகிறார்கள்?

வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன். சத்தம் பிரமாதமாக இருக்கும் என்று நான் வாங்கவில்லை. என் பெட்டியில் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது சிடி தரம், அதை எந்த லேப்டாப்பும் செய்யும். நான் வாங்கியது ஒரு உறுமிக்காரருக்காக.

ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். சுற்றிலும் தோட்டம், ஒரு காலத்தில் பால்மரம் (ரப்பர்), இப்போது பெரும்பாலும் செம்பனை (எண்ணெய்ப் பனை). பகலில் தோட்டத்து ஆபிசில் கிராணி (எழுத்தர்) வேலை, இரவில் ஃப்ரூட்டி லூப்ஸ் என்ற இசை மென்பொருள் (எஃப்எல் ஸ்டூடியோ என்று பெயர் மாறி எத்தனையோ வருடமாகிவிட்டது, எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது). இந்த ஊரில் தைப்பூசக் காவடியானாலும் சாவு வீடானாலும் உறுமி மேளம் வராமல் இருக்காது, சின்ன வயதிலிருந்து காதில் ஊறிய சத்தம், அதை எலக்ட்ரானிக் பீட்டோடு சேர்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பைத்தியம். இணையத்தில் கிடைத்த உறுமி லூப்புகளை (திரும்பத் திரும்ப ஓடும் துண்டுகள்) போட்டுப் பார்த்தேன், எல்லாமே கட்டம் போட்ட நோட்டில் எழுதிய மாதிரி இருந்தது. சரி, அடிக்கிற ஆளையே கூப்பிடலாம் என்று, எனக்கு மாமா முறையாகும் ஒருவரை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

அவருடைய உறுமியை ஒவ்வொரு சத்தமாகப் பதிவு செய்தேன். குச்சியால் தேய்க்கும்போது வரும் அந்த உறுமல், மறுபக்கத்து அடி, விளிம்பில் விழும் தட்டு. எல்லாவற்றையும் லேப்டாப்பில் செருகிய யூஎஸ்பி பேடில் வைத்து, "அடிங்க மாமா" என்றேன். ரெண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினார்.

"தம்பி, நான் அடிச்சி முடிச்ச பெறகுதான் இது பேசுது."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பஃபர், அதாவது லேப்டாப் சத்தத்தை வெளியே விடுமுன் சேர்த்து வைக்கும் அளவு, 1024 சாம்ப்பிளில் இருந்தது, 44.1 கிலோஹெர்ட்ஸில் கணக்குப் போட்டால் அதற்கே 23 மில்லிசெகண்ட் போய்விடும். நமக்கு அது ஒன்றுமில்லை, காலமெல்லாம் தோல் வாத்தியம் அடித்தவருக்கு அது முழு ஏமாற்று. 128க்கு இறக்கினால் 3 மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும், ஆனால் என் பழைய லேப்டாப்பில் அந்த அளவில் சத்தம் பொரி பொரிகிற மாதிரி வெடித்தது. நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் (லேப்டாப்புக்கு வெளியே மாட்டும் ஒலிப்பெட்டி) வாங்கியிருந்தால் இந்தப் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. தாமதம் மட்டும்தான் உங்கள் குறை என்றால் பெட்டி வாங்காதீர்கள், இன்டர்ஃபேஸ் வாங்குங்கள்.

எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. மாமா கண் திரையை விட்டு நகரவேயில்லை. ஓடுகிற கோடு கட்டத்துக்கு வரும்வரை காத்திருந்து தட்டுகிறார், கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற மனுஷன்! அவர் போன பிறகு நான் செய்த வேலை அதைவிட மோசம். அவருடைய அடிகள் கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளித் தெரிந்ததா, ஒவ்வொன்றாக மவுஸால் இழுத்துக் கோட்டில் ஒட்டினேன். கண்ணுக்குத் தப்பாகத் தெரிந்ததையெல்லாம் திருத்திவிட்டுக் கடைசியில் போட்டுக் கேட்டால் செத்துப்போயிருந்தது.

அப்புறம்தான் கேஎல்லில் (கோலாலம்பூர்) ஒருவரிடம் ரோலண்ட் எஸ்பி-404எஸ்எக்ஸ் என்ற சாம்ப்ளர் ஒன்றை 1,300 வெள்ளிக்கு (ரிங்கிட்) பழையதாக வாங்கினேன். 12 பேடு, மூன்று எழுத்து மட்டும் காட்டும் ஒரு பொடித் திரை, ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும். மாமா வந்தார், அஞ்சடியில் (வீட்டு முன் திண்ணை) உட்கார்ந்தார், நான் சொல்லாமலே பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அதில் கேட் என்று ஒரு பட்டன் உண்டு, அதைப் போட்டுவிட்டால் பேடை அழுத்தியிருக்கும்வரைதான் சத்தம் வரும், கையை எடுத்தால் அறுந்துவிடும். உறுமலை அப்படி வைத்துக் கொடுத்திருந்தேன். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார், பிறகு இடது கட்டைவிரலால் உறுமலை இழுத்து நிறுத்தி, இழுத்து நிறுத்தி, வலது கையால் அடியைப் போட ஆரம்பித்தார், குச்சியை எவ்வளவு நேரம் தேய்ப்பாரோ அவ்வளவு நேரம் விரல் பேடில் நின்றது. அடிகளைத் தானாகவே கோட்டில் ஒட்டும் குவான்டைஸை அணைத்துவிட்டுப் பேட்டர்னாகப் பதிவு செய்தேன். மூன்றாவது அடி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மயிரிழை பின்னால் விழுகிறது. திருத்தலாம் என்றாலும் எதை வைத்துத் திருத்துவது, திரையில் பார்க்க ஒலி அலையும் இல்லை கோடும் இல்லை.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ரோஜர் லின் வடிவமைத்து 1988இல் வந்த அகாய் எம்பிசி60 என்ற சாம்ப்ளரிலேயே 16 பேடும், ஒன்றுவிட்டு ஒரு அடியைக் கொஞ்சம் தாமதமாக்கும் ஸ்விங்கும் இருந்தன. ஸ்விங் 50 என்றால் அடிகள் சரிசமம், 66 பக்கம் ஏற்றினால் கிட்டத்தட்ட நம்ம திஸ்ர நடை (மூன்றாகப் பிரிவது). மாமாவின் கை 50இலும் இல்லை, 66இலும் இல்லை, நடுவில் எங்கோ, அதுவும் சுற்றுக்குச் சுற்று மாறும். அந்த எம்பிசி வரிசையில் வந்த 3000ஐத்தான் டெட்ராய்ட்டின் ஹிப்-ஹாப் இசைத் தயாரிப்பாளர் ஜே டில்லா வைத்திருந்தார். அவருடைய பெட்டி இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வசதி குறைவதிலும் ஒரு லாபம் உண்டு. 1987இல் வந்த இ-மியு எஸ்பி-1200 என்ற சாம்ப்ளரில் மொத்தமே 10 விநாடிதான் பதிவு செய்யலாம். அதனால் நிமிடத்துக்கு 33 சுற்றில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45இல் ஓடவிட்டுப் பதிவு செய்து, உள்ளே வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அப்படிக் குறைத்ததில் சத்தத்தில் ஒரு கரகரப்பு ஏறியது, அதைத்தான் இன்று லேப்டாப்பில் ப்ளக்-இன் (கூடுதல் மென்பொருள்) போட்டுத் தேடுகிறோம். என் பெட்டியில் ஒரு நேரத்தில் ஒரு எஃபெக்ட்தான் ஓடும். எங்கள் பழைய தோட்டத்தில் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) அடிக்கிற தண்டவாளத் துண்டு இன்னும் தொங்குகிறது, இப்போது யாரும் அடிப்பதில்லை. அதைக் கல்லால் தட்டிக் கைப்பேசியில் பதிவு செய்து, வயர் போட்டுப் பெட்டிக்குள் இறக்கினேன். முதலில் பிட்ச் இறக்கி ஒரு மறுபதிவு, அதன் மேல் எக்கோ போட்டு இன்னொரு மறுபதிவு. இனி எக்கோவைக் கழற்ற முடியாது. மென்பொருளில் இருந்திருந்தால் இன்றுவரை அந்த எக்கோவை நோண்டிக்கொண்டிருப்பேன்.

குறைகளும் உண்டு. மூன்று எழுத்துத் திரையில் சாம்ப்பிளின் தலையையும் வாலையும் வெட்டுவது பெரிய ரோதனை. மெமரி கார்டு 32 ஜிபிக்கு மேல் எடுக்காது, நான் விவரம் பார்க்காமல் 64 வாங்கி வந்து அரை நாள் பெட்டியைத் திட்டினேன். முழுப் பாட்டாக அடுக்குவதும் மிக்ஸ் செய்வதும் இன்றைக்கும் லேப்டாப்பில்தான், அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. நீங்கள் தனியாக, கீபோர்டும் மவுஸுமாகவே சந்தோஷமாகப் பாட்டு முடிக்கிறவர் என்றால் இந்தக் காசு உங்களுக்கு வீண். வாங்கித்தான் பார்ப்பேன் என்றால் முதல் பெட்டியைப் பழையதாக வாங்குங்கள், வாங்குமுன் எல்லா பேடையும் மெதுவாக ஒரு தரம், ஓங்கி ஒரு தரம் தட்டிப் பாருங்கள், தேய்ந்த பேடு மெல்லத் தட்டினால் பேசாது.

என் பெட்டியில் அப்படி ஒரு பேடு போய்விட்டது, இடது கீழ் மூலை, மாமாவின் கட்டைவிரல் இடம். உறுமலைப் பக்கத்துப் பேடுக்கு மாற்றினேன். "வாசல மாத்தி வச்சா வீட்டுக்குள்ள எப்படிடா வர்றது" என்று ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார். பேடு ரப்பர் ஆர்டர் போட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.