கம்பர்லேண்ட் சாசேஜ் ஏன் வெடிக்கிறது?

கேள்வி: லீட்ஸில் இருக்கிறோம். கறிக்கடையில் சுருளாக இருந்த கம்பர்லேண்ட் சாசேஜ் வாங்கிவந்தேன். முள்கரண்டியால் அங்கங்கே குத்திவிட்டுப் பொரித்தும் தோல் வெடித்து வெளியே கருகிவிட்டது, நடுவில் வேகவில்லை. அடுத்த முறை துண்டுகளாக வெட்டிப் பொரிக்கலாமா?

பதில்: வெட்ட வேண்டாம். கைமுறுக்கு மாதிரிச் சுற்றியிருக்கும் இந்தப் பன்றிக்கறி சாசேஜில் இடையில் முடிச்சே கிடையாது. வேகும் முன் வெட்டினால் இரு முனையிலும் கறி பிதுங்கிவிடும். முழுதாக வேகவைத்து, தட்டில் போட்ட பிறகு வெட்டுங்கள்.

சிக்கல் தீயில்தான். உறை பெரும்பாலும் பன்றிக்குடல். பெரிய தீயில் அது சட்டென்று சுருங்கும். உள்ளே ஆவி கிளம்பும். கிழியாமல் என்ன செய்யும்? குத்தியது கொழுப்பும் சாறும் வழிந்தோடத்தான் உதவியிருக்கும். தண்ணீரும் ரொட்டித்தூளும் நிறையச் சேர்த்த மட்டமான சாசேஜுக்கு அந்தப் பழக்கம் சரி. இதில் கொரகொரப்பாக அரைத்த கறிதான் அதிகம், தாராளமாக மிளகும் இருக்கும். பொறுமையாக வேகவிட்டால் போதும்.

இரண்டு நீளக் குச்சிகளைச் சுருளின் குறுக்கே சிலுவைபோலச் செருகுங்கள். நுழையும் இடத்தில் சிறு துளை விழும், பரவாயில்லை. திருப்பும்போது சுருள் பிரியாது. வாணலியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சிறு தீயில் அரை மணி நேரம், நடுநடுவே திருப்பிப் போடுங்கள். ஓவன் என்றால் 180 டிகிரியில் 35 நிமிடம் வரை ஆகும். நிறத்தை நம்பாதீர்கள், வெந்த பிறகும் லேசாகச் சிவந்திருக்கலாம். தெர்மாமீட்டரை முனை வழியாக நீளவாட்டில் செருகிப் பாருங்கள். 75 டிகிரி காட்டினால் இறக்கிவிடலாம்.

அப்புறம், வாங்கும்போது லேபிளையும் பாருங்கள். ‘கம்பர்லேண்ட்’ என்று மட்டும் போட்டு, குட்டிக் குட்டியாக முடிச்சுப் போட்ட சாசேஜை எந்த ஊரிலும் செய்யலாம். ‘டிரெடிஷனல் கம்பர்லேண்ட் சாசேஜ்’ என்ற பெயருக்கு 2011-இல் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. அந்தப் பெயரில் விற்க, இங்கிலாந்தின் வடமேற்கில், பழைய கம்பர்லேண்டை உள்ளடக்கிய கம்ப்ரியா மாவட்டத்தில் செய்திருக்க வேண்டும்; கறி குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும்; சுருளாகவும் இருக்க வேண்டும். மிளகுக் காரத்துக்கு, 18-ஆம் நூற்றாண்டில் அங்குள்ள வொயிட்ஹேவன் துறைமுகத்தில் வந்திறங்கிய மசாலாப் பொருட்களைக் காரணம் சொல்வார்கள். அந்தப் பகுதிக்கே உரிய கம்பர்லேண்ட் பன்றி இனம்தான் 1960 வாக்கில் அழிந்துபோனது.

வாணலியில் தங்கும் கொழுப்பைக் கொட்டிவிடாதீர்கள். வெங்காயத்தை அதிலேயே வதக்கி, ஒரு ஸ்பூன் மாவு தூவி, ஸ்டாக் (எலும்போ காய்கறியோ வேகவைத்து வடித்த சாறு) ஊற்றினால் கிரேவி தயார். மசித்த உருளைக்கிழங்கோடு பரிமாறுங்கள்.