தோட்டம் கேள்வி பதில்: வெட்டிய கொப்பை வீசாதீர்கள்

கேள்வி: பெங்களூரில் இருக்கும் மகள் வேலிக்கு வைக்கச் சொல்லி பாக்ஸ் (பாக்ஸ்வுட்) செடி பன்னிரண்டு வாங்கித் தந்தாள். ஒரு சாண் உயரம்தான் இருக்கிறது. இடுப்பளவு வளர்ந்தபிறகு வெட்டினால் போதும் என்கிறார் வீட்டுக்காரர். இப்போதே வெட்டலாமா? வெட்டிய கொப்பை நட்டால் பிடிக்குமா? (வாசகி, தக்கலை)

பதில்: இந்த ஒரு விஷயத்தில் வீட்டுக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள், அம்மா. இடுப்பளவுக்குக் காத்திருந்தால் மேலே குடை மாதிரி விரிந்து, அடி மொட்டையாக நிற்கும். கோழி தாராளமாக உள்ளே வந்துபோகும்! நுனியை வெட்டினால்தான் கீழே கணுக்களில் இருக்கும் மொட்டு கிளைக்கும். வேர் பிடித்துப் புதுத் துளிர் விட்டதும் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுங்கள். பிறகு வெட்டும்போதெல்லாம் அடி அகலமாகவும் தலை ஒடுக்கமாகவும் இருக்கட்டும், அடிப்பகுதிக்கும் வெயில் பட வேண்டும் பாருங்கள்.

அதற்கு முன்னால், வந்தது பாக்ஸ்தானா என்று பார்த்துவிடுங்கள். இலைகள் எதிரெதிராக, சிறிதாக, தடிப்பாக இருக்கும். இளங்கொப்பை விரலால் உருட்டினால் நாலு பட்டை தட்டுப்படும். கசக்கினால் பூனை மூத்திர வாடை லேசாக வரும். அதெல்லாம் இல்லாமல் வெளிர்மஞ்சள் இலையோடு மளமளவென்று வளர்ந்தால் அது டுராண்டா என்ற வேறு வேலிச்செடியாக இருக்கலாம். அப்படியானால் கொப்பு எளிதாகப் பிடித்துவிடும், உங்களுக்கு வேலை மிச்சம்.

பாக்ஸ்தான் என்றால் பொறுமை வேண்டும். ஐரோப்பாவில் கோடை முற்றும் சமயத்தில் கொப்பு நடுவார்கள். நமக்கு ஆவணியில் மழை விட்டு நாலு நாள் காயும் சமயம் தோது. நுனி பச்சையாகவும் அடி லேசாகப் பழுப்பேறியும் இருக்கும் கொப்பாக, விரல் நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கீழ்ப்பாதி இலைகளை உருவிவிடுங்கள். தென்னஞ்சோறும் (தேங்காய் நார்த்தூள்) மணலும் சரிபாதி கலந்த தொட்டியில், இலை உருவிய பாதி மண்ணுக்குள் போகும்படி ஊன்றி நிழலில் வையுங்கள். ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. வேர் விட இரண்டு மூன்று மாதம் ஆகும். தினமும் பிடுங்கிப் பார்க்கிறவர்களுக்குப் பாக்ஸ் சரிப்படாது.

நம் ஊரில் இதற்குப் பெரிய வில்லங்கம் ஈரம்தான். ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. இலை காயாமலே கிடந்தால் பூஞ்சணம் வந்து இலையில் பழுப்புப் புள்ளியும் தண்டில் கறுப்புக் கோடும் விழும், இலை கொட்டும். அதனால் மழை நாளில் கத்தரியால் வெட்டாதீர்கள், தண்ணீரை அடியில் ஊற்றுங்கள், கொட்டிய இலையைப் பெருக்கி எரித்துவிடுங்கள். ஒன்றுக்கொன்று ஒரு அடி விட்டு நட்டால் பன்னிரண்டு செடி பன்னிரண்டு அடிக்கு வரும். வாசலோரம் அழகுக்கு அது போதும். முழு மதிலோரத்துக்கும் தெச்சியை (இட்லிப்பூ) வையுங்கள், அது இந்த மண்ணுக்குப் பழகியது. இன்னொன்று, பாக்ஸ் இலை ஆடுமாடுகளுக்கு விஷம். வெட்டியதை ஆட்டுக்குப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் வீடு முட்டத்தில், கடலைப் பார்த்து இருக்கிறது. உப்புக்காற்றில் எந்த வேலியும் கருகிவிடுகிறது. பாக்ஸ் தாங்குமா? (வாசகர், முட்டம்)

பதில்: வேண்டாம். கடற்கரையில் தானாகவே முளைத்துக் கிடக்கும் சங்கங்குப்பியை நடுங்கள். மழைக்காலத்தில் கொப்பை ஒடித்து ஊன்றினாலே பிடித்துவிடும், வெட்ட வெட்ட அடரும். காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம், வேலி வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் கேட்டால் கட்டுக் கட்டாகத் தருவார்கள்.