ஐஸ் தொட்டால் வெளுக்கும் விரல்கள்

மண்டபம் ஊரில் மீனுக்கு ஐஸ் தட்டிப் போடும் வேலை. தொட்டதுமே விரல்கள் சுண்ணாம்பாய் வெளுத்து, அப்புறம் நீலமாகின்றன. குளிர்தானே என்று விட்டுவிடலாமா?

விடாதீர்கள். வெளுப்பு, நீலம், சூடேறும்போது சிவப்பு: 1862-இல் பிரெஞ்சு மருத்துவர் மாரிஸ் ரேனோ விவரித்தது இதைத்தான்; அவர் பெயராலேயே ரேனோ என்கிறோம். குளிர் பட்டதும் விரலின் சிறு ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. பலருக்கு அதோடு சரி. ஆனால் முப்பது வயதுக்கு மேல் புதிதாக வந்தால், விரல் வீங்கி மோதிரம் கழலாவிட்டால், நுனியில் புண் வந்தால், தோல் இறுகும் ஸ்க்லிரோடெர்மாவா என்று பார்க்க வேண்டும். நகம் தோலோடு சேரும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு லென்ஸில் பார்ப்பேன். நல்ல விரலில் நுண்குழாய்கள் கொண்டை ஊசிகளை அடுக்கியதுபோல் நிற்கும். இந்த நோயில் சில உப்பியிருக்கும். சில இடம் வெறுமையாகக் கிடக்கும்.

அம்மாவுக்கு சென்ட்ரோமியர் ஆன்டிபாடி பாசிட்டிவ். எஸ்.சி.எல்-70 இல்லையே, பயமில்லை என்கிறார்கள். சரியா? (கீழக்கரை)

பாதி சரி. இரண்டுமே ஸ்க்லிரோடெர்மாவில் ரத்தத்தில் தென்படும் ஆன்டிபாடிகள், அதாவது நம் உடம்பையே குறிவைக்கும் புரதங்கள். எஸ்.சி.எல்-70 இருந்தால் நுரையீரலில் தழும்பு விழ வாய்ப்பு அதிகம், சி.டி. எடுப்போம். சென்ட்ரோமியர் உள்ளவர்களுக்குத் தோல் இறுக்கம் பெரும்பாலும் கை, முகத்தோடு மெதுவாகப் போகும். ஆனால் விரல் புண் வரும். பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறலாம். அதனால் ஆண்டுதோறும் எக்கோ (இதய ஸ்கேன்) எடுங்கள். அடுத்த தெருவுக்கு நடப்பதற்குள் மூச்சு வாங்கினால் ஆண்டு முடியக் காத்திருக்க வேண்டாம். ஆன்டிபாடியை மட்டும் மாதாமாதம் பார்ப்பது காசுக்குக் கேடு. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்-3 என்ற மற்றொரு ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் வீட்டிலேயே பி.பி. பாருங்கள், திடீரென ஏறினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து, அன்றே மருத்துவமனை போக வேண்டும்.

பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறேன். நிஃபெடிபைன் சாப்பிட்டால் கால் வீங்குகிறது. நிறுத்திவிடவா? (பாம்பன்)

நீங்களாக நிறுத்தாதீர்கள், தாயே. நிஃபெடிபைன் ரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரை; கால் வீக்கம் அதன் தெரிந்த பக்கவிளைவுதான். அளவைக் குறைக்கலாம், மாற்று மருந்தும் உண்டு. பாறை கீறாமலிருக்க விரலில் துணி சுற்றுவீர்கள் அல்லவா? கரையேறியதும் அதை அவிழ்த்துவிடுங்கள். ஈரத்துணியில் காற்றுப் பட்டால் விரல் இன்னும் குளிரும். துடைத்து, உடம்பையும் போர்த்திக்கொள்ளுங்கள். விரல் நுனி கறுத்தாலோ, வெளுத்தது திரும்பாமல் வலித்தாலோ அன்றே வந்துவிடுங்கள்.

நாளைக்கு நாலு பீடிதான். பரவாயில்லையா? (தொண்டி)

ஒன்றுகூட வேண்டாம். புகையும் அதே குழாய்களைத்தான் சுருக்குகிறது. மூக்கடைப்பு மாத்திரைகள் சிலவும் அப்படித்தான்; மருந்துக்கடையில் நோயின் பெயரைச் சொல்லி வாங்குங்கள்.