ஏசி வேலை: கடையில பழகுறதா, கோர்ஸுக்குப் போறதா?

கேள்வி: நான் களுவாஞ்சிகுடி, வயசு 20. ஏ.எல் டெக்னொலொஜி செஞ்சன், கெம்பஸ் கிடைக்கல்ல. காத்தான்குடியில ஏசி, பிரிஜ் திருத்துற கடையொண்டுல பழக வரச் சொல்லுறாங்க, கோர்ஸ் எல்லாம் வீண் எண்டு அந்தக் கடைக்காரர் சொல்லுறார். டொரொன்டோவில இருக்கிற மாமா அங்க கொலிஜ்ல ஹீட்டிங், ஏசி படிச்சா நல்ல தொழில் எண்டுறார். அம்மா சங்கிலிய அடகு வெச்சி கட்டாருக்கு அனுப்பப் பாக்கிறா. என்ன செய்யிற எண்டே விளங்கல்ல.

பதில்: தம்பி, முதல்ல அம்மாட்டச் சொல்லுங்க, சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும். கட்டாருக்குப் போறது பிழை எண்டு நான் சொல்லல்ல, கையில சேர்ட்டிபிகேட் இல்லாமப் போறதுதான் பிழை, அத நான் அனுபவிச்சவன்.

மட்டக்களப்பு டவுன்ல ஒரு வேர்க்ஷொப்ல நாலு வருசம் கிடந்து பழகினன் நான். கொம்ப்ரசர் மாத்துவன், குழாயச் சூடாக்கி ஒட்டுற பிரேசிங் அடிப்பன், சத்தத்தக் கேட்டே என்ன பிழையெண்டு சொல்லுவன், அந்த நம்பிக்கையில கல்ஃப் போய் இறங்கினா கம்பனியில கேட்ட முதல் கேள்வி சேர்ட்டிபிகேட் எங்க எண்டதுதான். இல்லையெண்டதும் ஹெல்ப்பர் எண்டு எழுதிட்டாங்க, ரெண்டு வருசம் அந்தச் சம்பளம்தான். என்னோட ஒரே ரூம்ல இருந்த பொடியன் டெக்னீஷியன், அவன் ஃப்ளேர் அடிச்சா, அதான் குழாய் நுனிய விரிச்சி மூட்டுப் போட்டா, ஒழுகும், அதத் திரும்ப அடிச்சிக் குடுக்கிறது நான். அவனில எனக்குக் கோவம் இல்ல, ஆனா அந்த ரெண்டு வருசம் எனக்குத் திரும்பி வராது.

கடைக்காரர் சொல்லுறதும் முழுக்கப் பிழையில்ல. கை பழகாம இந்தத் தொழில் வராது, குழாய் வளைக்கிற, ஃப்ளேர் அடிக்கிற, வெயிலுக்குள்ள கூரைக்கு மேல ஏறி நிண்டு வேல செய்யிற, இதெல்லாம் வகுப்புல இருந்து மட்டும் வராது. ஆனா கனபேர் கடையில பழகினத்தோட நிண்டுடுறாங்க, ஏன் அப்பிடிச் செய்யிறம் எண்டு கேக்கிறதே இல்ல. ஏசிக்குள்ள சுத்துற காஸ் விசயத்தையே எடுங்க. ஏசி எண்டது குளிர உண்டாக்கிற மிஷின் இல்ல, அறைக்குள்ள இருக்கிற சூட்ட எடுத்து வெளிய கொண்டுபோய்க் கொட்டுற மிஷின். காஸ் உள்ள ஆவியாகேக்க சூட்ட உறிஞ்சுது, கொம்ப்ரசர் அத நெரிச்சி வெளி யூனிட்டுக்கு அனுப்புது, அங்க சூட்ட விட்டுட்டு திரும்பத் திரவமாகி வருது. பெற்றோல் மாதிரி அது எரிஞ்சு முடியிற சாமான் இல்ல, மூடின குழாய்க்குள்ள சுத்திக்கொண்டே இருக்கும். அப்ப காஸ் குறைஞ்சிருந்தா எங்கயோ லீக் எண்டுதானே அர்த்தம், ஆனா எங்கட ஊர்ல வருசா வருசம் காஸ் அடிச்சிட்டு காச வாங்கிக்கொண்டு போறாங்க, லீக்கத் தேடுறவங்க கொஞ்சப்பேர். கல்லடிப் பக்கம் கடற்கரையோட இருக்கிற வீடுகள்ல உப்புக் காத்துக்கு வெளி யூனிட்ட கொயில் அரிச்சுப் போகும், அங்க எத்தின தரம் அடிச்சாலும் வீண்தான், வீட்டுக்காரர்தான் பாவம்.

அதோட காஸே மாறிட்டுது. முந்தி எல்லாம் ஆர்-22. ஓசோன் படலத்துக்குக் கேடு எண்டு மொன்ட்ரியல் உடன்படிக்கையில அதக் குறைச்சிக்கொண்டு வாறாங்க, எங்கட மாதிரி நாடுகளுக்கு 2030ஓட கிட்டத்தட்ட முடிஞ்ச கதை. பிறகு வந்த ஆர்-410ஏ-க்கு பிரஷர் ஆர்-22 மாதிரி ஒண்டரை மடங்குக்கும் மேல, பிரஷர் பாக்கிற பழைய கேஜ் தாங்காது. இப்ப வாற புது ஸ்பிளிட் ஏசியள்ல கனக்க ஆர்-32, அது லேசா நெருப்புப் பிடிக்கிற சாதி. புது பிரிஜ்ஜுகள்ல இருக்கிற ஆர்-600ஏ இன்னும் மோசம், நல்லாவே பத்தும். ஆர்-22 காலத்துப் பழக்கத்தில வெக்கியூம் பம்ப் போடாம காஸாலயே குழாய்க்குள்ள இருக்கிற காத்தத் தள்ளிவிடுறவங்கள நான் இப்பவும் காணுறன், ஆர்-32ல அது சரியான ஆபத்து. லீக் பாக்க நைட்ரஜன் இல்லையெண்டு ஒக்சிஜன் அடிக்கச் சொன்னா, ஆர் சொன்னாலும் செய்யாதீங்க தம்பி, கொம்ப்ரசர் எண்ணெயோட சேர்ந்தா வெடிக்கும்.

அதால நான் சொல்லுறது, முதல்ல கோர்ஸ், லீவு நாளையில கடை. மஞ்சந்தொடுவாயில இருக்கிற தொழில்நுட்பக் கல்லூரிக்கும் தொழிற்பயிற்சி அதிகாரசபையிட மாவட்ட அலுவலகத்துக்கும் நேர போய், ரெஃப்ரிஜரேஷன் ஏசி கோர்ஸுக்கு அடுத்த இன்டேக் எங்க, எப்ப எண்டு கேளுங்க. அரசாங்க இடம் எண்டா செலவு குறைவு. தனியார் இடம் எண்டா ஒண்டக் கவனிக்கணும், மூன்றாம் நிலைக் கல்வி ஆணைக்குழுவில இன்ஸ்டிடியூட் பதிஞ்சிருக்கிறது வேற, அந்தக் கோர்ஸுக்கு என்.வி.கியூ எண்ட தேசிய தொழில் தகைமை அங்கீகாரம் இருக்கிறது வேற. ரெண்டையும் கேளுங்க. என்.வி.கியூ லெவல் 4 வரை எடுங்க, அதுதான் முழுத் தொழிலாளி எண்ட அளவு, அதுக்கு மேல 5, 6 டிப்ளோமா, 7 டிகிரி, கெம்பஸ் கிடைக்காதவனுக்கும் அந்தப் படி திறந்துதான் இருக்கு. கோர்ஸ் முடிய ஓஜேடிக்கு, அதான் வேலையிடப் பயிற்சிக்கு, அனுப்பேக்க பாசிக்குடா, அறுகம்பே பக்கம் பெரிய ஹோட்டல் ஒண்டக் கேட்டு எடுக்கப் பாருங்க, வீட்டு ஏசி மட்டுமில்லாம கோல்ட் ரூம், பெரிய சிஸ்டம் எல்லாம் கை வெக்கக் கிடைக்கும். இடம் கிடைக்கச் சுணங்கினா சும்மா இருக்காம கடைக்குப் போங்க, வருசக்கணக்கா வேல செஞ்சவங்களுக்கு முன்கற்றல் அங்கீகாரம் எண்டு பரீட்சை வெச்சி என்.வி.கியூ குடுக்கிற வழியும் இருக்கு. எனக்கு அது தெரிய வந்தது கல்ஃபால வந்த பிறகுதான்.

மாமா சொல்லுறது நல்ல தொழில்தான், ஆனா அங்க கொலிஜ் முடிச்சதும் மெக்கானிக் ஆகிட ஏலாது. ஒன்டாரியோவில ஏசி மெக்கானிக்குக்கு 313ஏ எண்டு ஒரு லைசன்ஸ், அதுக்கு 9000 மணித்தியாலம், கிட்டத்தட்ட அஞ்சு வருசம், ஒரு ஆளுக்குக் கீழ வேல செஞ்சி பழகணும். ஹீட்டிங்ல காஸ் எரிச்சி வீட்டச் சூடாக்கிற ஃபர்னஸ் தொடுறதுக்கு வேற லைசன்ஸ், அதுல பிழை விட்டா கார்பன் மொனொக்சைட் கசிஞ்சி வீட்டில நித்திரை கொள்ளுற சனம் செத்துப்போகும், அதனாலதான் அவ்வளவு இறுக்கம். அமெரிக்காவிலயும் 608 எண்ட பரீட்சை பாஸ் பண்ணாம ஏசி காஸ் சிலிண்டரத் தொட விடமாட்டாங்க. வெளிநாட்டுப் பிள்ளையளுக்கு கொலிஜ் பீஸும் உள்ளூர்ப் பிள்ளையளவிட பல மடங்கு. இப்ப அதுக்குக் கடன்படாதீங்க. லெவல் 4ம் ரெண்டு மூண்டு வருச வேலையும் கையில இருந்தா மாமாவோட கதைக்கிற கதையே வேற.

கட்டாருக்கும் அதே சாமான்தான் உதவும். போற நேரம் ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திட லைசன்ஸ் இருக்கா எண்டு பாத்துட்டு, ஒப்பந்தத்தில டெக்னீஷியன் எண்டு எழுதியிருந்தா மட்டும் கையெழுத்து வைங்க.

கோர்ஸ்ல இடம் கிடைச்சதும் எழுதுங்க தம்பி. டூல்ஸ் வாங்க அவசரப்படாதீங்க, முதல்ல எந்தக் கேஜ் வாங்கிற எண்டு அப்ப சொல்லுறன்.