புங்கமரத்துக் கொப்புளமும் அம்மணியின் படிப்பும்

வணக்கமுங்க அண்ணா.

“அம்மணிக்குப் பிளஸ் டூ-வில் நல்ல மார்க். ஆனால் புங்க இலைக் கொப்புளத்தை பிளேடால் அறுத்துப் பார்த்துக்கொண்டு, ஈயைப் பற்றித்தான் படிப்பேன் என்கிறாள். அதில் வேலை கிடைக்குமா?” என்று எழுதியிருந்தீர்கள். கோபியில் நெல் வைக்கிறவருக்கு ஆனைக்கொம்பனை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. குருத்து வெங்காயத்தாள் மாதிரி குழலாகி, அந்தத் தூரில் கதிரே வராதே, அதைச் செய்கிற கொசு போன்ற ஈயின் குடும்பத்தைத்தான் அம்மணி கேட்கிறது. செசிடோமையிடே என்று பேர். இதுவரை பேர் வைத்தவை மட்டும் 6,000-க்கு மேல். மல்லிகை மொட்டு அடியில் வீங்கி, விரியாமலே உதிர்வதும் இந்த வகையறா ஈ ஒன்றின் கைங்கரியம்தான். சத்தியமங்கலத்துச் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், திட்டியே தீர்ப்பார்கள்.

ஆனால் அந்தப் புங்க இலைக் கொப்புளத்துக்குள் ஈப்புழு இருந்ததா என்று அம்மணியைக் கேளுங்கள். இருந்திருக்காது. அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் செய்வது. அதே மரத்தில் பூமொட்டு காய் போல உருண்டு நின்றால், அது ஈ. தைலமரத்து இலைக்காம்பில் முடிச்சு விழுந்தால், அது குளவி. வீக்கம் ஒரே மாதிரி, செய்தவர் வேறு வேறு. மருந்தும் அதற்கேற்ப மாறும். எது எந்த இனம் என்று பிரித்துச் சொல்கிற வகைப்பாட்டுக்குச் சம்பளம் கிடைப்பதே இதனால்தான்.

ஈ இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். இறக்கையில் நரம்பு மிகக் குறைவு. மணி கோத்தது போன்ற உணர்கொம்பில், ஒவ்வொரு மணியையும் மெல்லிய இழை வளையமாகச் சுற்றியிருக்கும். முதிர்ந்த புழுவின் கழுத்துக்குக் கீழே கிராம்பு போல ஒரு பழுப்புத் தகடு. இவை இரண்டும் நுண்ணோக்கியில் தெரிந்தால் குடும்பம் ஏறக்குறைய உறுதி. இனத்தைச் சொல்ல ஆண் ஈயின் வால்நுனியைக் கண்ணாடித் தகட்டில் பதித்துப் பார்க்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஆகாத வேலை. ஆறு துணைக்குடும்பங்களில் செடியில் கொப்புளம் கட்டுவது ஒன்றுதான். மற்றவை பெரும்பாலும் பூஞ்சையோடு பிழைப்பவை. அந்த ஒன்றிலும் பயிர்ச்சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும் நல்லவை உண்டு.

இனி உங்கள் கவலை. வகைப்பாட்டை மட்டும் நம்பினால் வேலை குறைவு: கொல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வகம், பெங்களூருவில் ஐ.சி.ஏ.ஆர். என்கிற இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பூச்சி நிறுவனம் என்று விரல்விட்டு எண்ணலாம். அதனால் விலங்கியலைவிட பி.எஸ்சி. வேளாண்மையே என் யோசனை. நான்கு வருடம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் கலந்தாய்வு, நீட் கிடையாது. பட்டம் வாங்கியதும் டி.என்.பி.எஸ்.சி. வேளாண்மை அலுவலர் தேர்வு, வங்கி வேளாண் அலுவலர் தேர்வு இரண்டுக்கும் போகலாம். ஆசை அப்போதும் ஆறாமல் இருந்தால் பூச்சியியலில் எம்.எஸ்சி., பிஎச்.டி., பிறகு அதே கழகத்தின் விஞ்ஞானிகளுக்கான ஏ.ஆர்.எஸ். தேர்வு. ஈ கைவிட்டாலும் பட்டம் கைவிடாது.

ஒரு நாள் அம்மணியைக் கூட்டிக்கொண்டு வாங்க. அந்தப் பல்கலைக்கழகத்தில் 2018-ல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடலாம். அதற்குள் உருண்ட புங்கமொட்டு நாலைப் பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, தேதி எழுதி வைக்கச் சொல்லுங்க. ஈ வருகிறதோ, அதைத் தின்ற ஒட்டுண்ணிக் குளவி வருகிறதோ, எது வந்தாலும் அப்படியே கொண்டு வரட்டும்.